முள்ளெலியின் முற்றுகை

தான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாமனார் போன் செய்து பேசியிருக்கிறார் என்பதே அவளுக்கு முதலாளியம்மா சொல்லித்தான் தெரிந்தது.

"சாயந்திர ஷிப்டுக்கு உன்னைப் பொறுப்பாளரா போடலாம்னு இருந்தேன். உங்க மாமனார் போன் பண்ணி, அவளுக்குச் சரிப்படாது, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னுட்டார். நீதான் சொல்லச் சொன்னியாமே?"

ரத்த மாதிரிக் குழாய்கள் அடுக்கிய தட்டை அவள் மேஜையில் வைத்தாள். இல்லை என்று சொன்னால் வீட்டு விஷயம் சந்தி சிரிக்கும். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டாகிவிட்டது. ஊசி பிடிக்க இவளிடம் கற்றுக்கொண்டவள்தான் நாளையிலிருந்து இவளுக்கு மேலே.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. நேரே ஹாலில் போய் நின்றாள்.

மாமனார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போட்டுக் கொடுத்தவர் அவர். எவன் எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று அவர் விரல் காட்டினால் அவன் ஏறவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு விரல் காட்ட வீட்டில் மிச்சமிருந்தது மனைவி, மகன், மருமகள் மூன்று பேர்தான். பொழுது போகட்டும் என்று மகன் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து ஹாலில் வைத்தான். அதில் அவருக்கு ஒரு ராஜ்ஜியமே கிடைத்துவிட்டது.

பிரவுசரில் ஆடும் விளையாட்டு அது. ஆளுக்கொரு பழங்காலத்து நகரம் தருவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, செம்பு தோண்டி, தானியம் சேர்த்து மதில் எழுப்பவேண்டும். படை திரட்டவேண்டும். பலம் கூடக்கூடச் சுற்றிலும் கிராமங்களும் ஊர்களும் அமைத்துக்கொள்ளலாம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் படை போய்ச் சேர நிஜமாகவே மணிக்கணக்காகும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் ஆட்டம் நிற்காது. நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் எவனாவது உங்கள் மதிலை நோக்கி நடந்துகொண்டிருப்பான். ஒரு பெரிய ஆற்றின் இரு கரையிலும் நூற்றுக்கணக்கான நகரங்கள், எங்கெங்கோ இருந்து ஆடும் மனிதர்கள். வடகரைக் கூட்டணிக்கு மாமனார்தான் தலைவர். அங்கே அவர் பெயர் கோட்டைவாசல்.

"மாமா, எங்க லேபுக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணேன். இருட்டுற நேரத்துல வீட்டுப் பொம்பளை வெளிய இருக்கறது சரிப்படாது. அதுக்கென்ன இப்ப?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேட்டா நீ வேண்டாம்னா சொல்லப்போற? நில்லு நில்லு, படை ஆத்தைத் தாண்டுது." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டு வந்த கணவனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "அப்பா அப்படித்தான்னு தெரியாதா? நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். இப்ப பேசி என்ன ஆகப்போகுது, விடு."

விட்டிருப்பாளோ என்னவோ. மறுநாள் காலை ஹாலைத் துடைக்கும்போது கம்ப்யூட்டர் திரை திறந்தே கிடந்தது. மாமனார் குளியலறையில் இருந்தார். தன் கூட்டணியில் இருக்கும் நீலக்குருவி என்ற பெண்ணுக்கு அவர் பாதி எழுதி வைத்திருந்த கடிதம் அதில் தெரிந்தது.

'தங்கச்சி, போர் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் நகரத்துக்கு நீங்கள்தான் ராணி. அதில் தலையிட நான் யார்? எந்த முடிவு எடுத்தாலும் அண்ணன் துணைக்கு இருப்பேன்.'

துடைக்கும் துணியைப் பிடித்தபடி இரண்டாவது தடவையும் படித்தாள். அவர் அவளைத் திட்டியபோதெல்லாம், வயசானவர், சுபாவமே அப்படி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. அன்பாகப் பேச அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அன்று மதிய இடைவேளையில், லேப் மாடிப்படியில் உட்கார்ந்து போனிலேயே அந்த விளையாட்டைத் திறந்தாள். பெயர் கேட்டது. முள்ளெலி என்று கொடுத்தாள். எந்தக் கரை என்று கேட்டது. தென்கரை என்றாள்.

முதலில் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தானியம் இல்லாமல் படை திரட்டியதில் பாதிப் பேர் பட்டினியில் செத்தார்கள். மதில் கட்டாமல் தேர் வாங்கி, அந்தத் தேர்களை இழந்தாள். ஆனால் அவசரப்படாத கை அவளுடையது. அழுகிற பிள்ளையின் கையில் நரம்பு தட்டுப்படும்வரை தடவிக்கொண்டே இருக்கப் பழகியவள். துணி காயப்போடும்போது ஒரு களஞ்சியம், பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் மதில் என்று கட்டிக்கொண்டே போனாள். மழைக்காலம் முடிவதற்குள் தென்கரையில் முள்ளெலி என்றால் யார் என்று கேட்கும் நிலை போய்விட்டது.

அவளுக்கு இருந்த வசதி வேறு யாருக்கும் இல்லை. எதிரியின் ராஜரகசியமெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கே வந்தது.

"இன்னிக்கு தேர்ப்படை முழுசையும் கிழக்கே அனுப்பிட்டேன்டா," என்பார் மாமனார், மகனிடம். "ஊர்ல காவலுக்கு ஒரு ஈட்டிக்காரன்கூட இல்ல. எவனுக்குத் தெரியப்போகுது?"

மகன் "உம்" என்று தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். மருமகள் குழம்புக் கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாமா?"

அவர் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழும் நேரம் அவளுக்கு அத்துப்படி. முதல் தாக்குதலை அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும்படி கணக்குப்பண்ணி அனுப்பினாள். அன்று அவளுக்கு விடுமுறை. தூக்கம் கலைந்து வந்து உட்கார்ந்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கொள்ளையடிச்சிட்டுப் போயிட்டானுங்க! வழிச்சி எடுத்துட்டுப் போயிட்டானுங்க!"

மாமியார் அலறியடித்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடி பீரோவைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. திரும்பி வந்து, "என்னத்தங்க கொள்ளையடிச்சாங்க?" என்றாள்.

"செம்பு! மொத்த செம்பும்!"

"நம்ம வீட்ல ஏதுங்க செம்பு?" என்றவள், கணவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த வீட்டில் அவள் அவ்வளவு நிம்மதியாகப் பாத்திரம் தேய்த்ததில்லை.

அதன்பிறகு அவள் விடவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், தென்கரைப் படை வந்து நிற்கும். ஒரே நேரத்தில் பல திசைகளிலிருந்து படை கிளம்பும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒற்றை வீரன் வருகிற பொய்ப் படை. எது நிஜம் என்று தெரியாமல் அவர் எல்லா வாசலிலும் காவல் போட்டுக் களைத்துப்போவார். வீட்டில் அவருடைய கோபம் இரட்டிப்பானது. டீ சூடாக இல்லை, சட்டையில் மடிப்பு சரியில்லை, விளக்கு ஏன் எரிகிறது. அவர் ஒரு சொல் சொன்னால், ஆற்றங்கரையில் அவருடைய ஒரு கிராமம் எரிந்தது.

ஒருநாள் முள்ளெலிக்கு அவரிடமிருந்தே கடிதம் வந்தது.

'முள்ளெலி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எதிரிதான். ஆனால் உங்கள் பொறுமையையும் கணக்கையும் கண்டு வியக்கிறேன். எத்தனையோ ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் நான். இவ்வளவு கூர்மையான ஆளைப் பார்த்ததில்லை. தென்கரையில் உங்கள் அருமை யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் வாருங்கள். தளபதி பதவி தருகிறேன்.'

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் படித்தாள். ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. அந்த வீட்டில் அவள் செய்த எதையும் யாரும் மெச்சியதில்லை. அப்புறம், இதை எழுதிய மனிதர் காலையில் அவள் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனது நினைவுக்கு வந்தது. குளிர்ந்தது பழையபடி கொதிக்க ஆரம்பித்தது.

'பதவி வேண்டாம். உங்கள் நகரம்தான் வேண்டும்,' என்று பதில் எழுதினாள்.

மாமனாருக்குச் சந்தேகம் தட்டியது. அது போகவேண்டிய பக்கம் போகவில்லை.

"உள்ளுக்குள்ள ஒருத்தன் இருக்கான்டா," என்றார் மகனிடம். "நான் எப்ப தூங்குறேன், எப்ப எந்திரிக்கிறேன், அவனுக்குத் தெரியுது. எங்க கூட்டணியில எவனோ காட்டிக்கொடுக்கிறான்."

"அதெல்லாம் விளையாட்டுதானேப்பா."

"உனக்கு என்னடா தெரியும்!"

யார் யார் தன்னோடு அதிகமாகப் பேசுகிறார்கள் என்று யோசித்தார். நீலக்குருவிதான் அதிகம் பேசியவள். மதியத்தில் கொஞ்சம் கண்ணயர்வேன் தங்கச்சி என்று அவளிடம்தான் எழுதியிருந்தார். அவளைக் கூட்டணியிலிருந்து விலக்கினார். துரோகி என்று பொதுப்பலகையில் எல்லோரும் படிக்க எழுதியும் போட்டார். துணையில்லாத நகரத்தை அந்த ஆட்டத்தில் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். நேற்றுவரை அவளை அக்கா என்று கூப்பிட்ட வடகரைக்காரர்களே நாலாபக்கமும் புகுந்து தின்று தீர்த்தார்கள்.

'அண்ணா, நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே,' என்று அவள் பலகையில் எழுதியிருந்ததை மருமகள் பஸ்ஸில் படித்தாள். இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கினாள். உண்மையை எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுதினால் எல்லாம் வெளியே வந்துவிடும். தலைநகரம் இன்னும் விழவில்லை. அதை வீழ்த்தட்டும், அப்புறம் சொல்லலாம் என்று போனைப் பைக்குள் போட்டாள். தான் செய்வது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

தலைநகரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு நலம் விசாரிக்க எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். தலைவலி என்று அவள் மட்டும் வீட்டில் இருந்துகொண்டாள். மதில் இடிக்கும் எந்திரங்கள் முன்னால் போக, தென்கரையின் மொத்தப் படையும் பின்னால் போனது. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, கோட்டைவாசலின் மதில் சரிவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த மாமனார் கத்தவில்லை. திரையையே வெறித்துப் பார்த்தார். பிறகு ஆட்டத்தை நடத்தும் நிர்வாகிகளுக்கு நீளமாக ஒரு புகார் எழுதினார். முள்ளெலி என்பவன் மனிதனே இல்லை, ஏதோ மோசடி மென்பொருள், தீர விசாரித்து விரட்டவேண்டும் என்று.

விசாரித்தார்கள். அந்த வாரத்திலேயே பதில் வந்தது. மாலையில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தன் பக்கம் நியாயம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் அவர் அதை உரக்கவே படித்தார்.

'மோசடி மென்பொருள் எதுவும் இல்லை. ஆனால் கோட்டைவாசல், முள்ளெலி ஆகிய இரண்டு கணக்குகளும் ஒரே வீட்டு இணையத் தொடர்பிலிருந்து இயங்குகின்றன. ஒரே இணைப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தாக்குவது விதிமீறல். இரண்டு கணக்குகளும் முடக்கப்படுகின்றன. விளக்கம்...'

படிப்பதை நிறுத்தினார். மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"டேய். நீயாடா?"

"அப்பா, எனக்கு அது எப்படித் திறக்கறதுன்னே தெரியாதுப்பா."

"பெத்த அப்பன் முதுகுல குத்தறியா? உம் உம்னு தலையாட்டிட்டு..." கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

"அவரை விடுங்க மாமா," என்றாள் அவள். அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். "முள்ளெலி நான்தான்."

அவர் சிரித்தார். "நீயா? போம்மா, போய் வேலையைப் பாரு."

"தளபதி பதவி தர்றேன்னு எழுதினீங்க. நகரம்தான் வேணும்னு எழுதினேன்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மாமியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என் வீட்ல இருந்துகிட்டு," என்றார் அவர். முகம் கன்றிப்போயிருந்தது. "என் சோத்தைத் தின்னுட்டு..."

"சமைச்சது நான் மாமா."

"வாயை மூடு! எத்தனை நாளா இந்தக் கள்ளத்தனம்? பின்னாலயிருந்து குத்தறதுக்கு வெக்கமா இல்ல?"

"நீங்க எனக்குத் தெரியாம என் முதலாளிக்குப் போன் பண்ணீங்க. நான் உங்களுக்குத் தெரியாம உங்க மதிலை இடிச்சேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"இல்லதான். உங்க மதிலைத் திரும்பக் கட்டிக்கலாம்."

கணவன் "ஏய், போதும் விடு," என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் பொண்ணு," என்று மாமனார் விரலை நீட்டினார். "நீலக்குருவி. ஒரு பாவமும் அறியாத பொண்ணு. அவளைத் துரோகின்னு துரத்தினேனே, அது உன்னாலதான்."

இது அவளுக்கு உறைத்தது. "சந்தேகப்பட்டது நீங்க. கேக்காம துரத்தினது நீங்க," என்றாள். சொன்ன பிறகும் மனம் ஆறவில்லை.

முடங்கிய கணக்கிலும் கடிதம் மட்டும் எழுத முடிந்தது. அன்றைக்கே நீலக்குருவிக்கு நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டாள். மாமனாரும் தன் பங்குக்கு எழுதியிருக்கிறார் என்பது பதில் வந்தபோதுதான் தெரிந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்: 'உங்கள் குடும்பச் சண்டையில் என் ஊர் போயிற்று. அதைக் கட்ட எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்குத் தெரியுமா? மாமனாரும் மருமகளும் நாசமாய்ப் போங்கள்.' அதை அவர் ஹாலில் படித்தார், அவள் அறையில் படித்தாள்.

நிர்வாகிகள் வழி ஒன்று சொன்னார்கள். ஒருவர் ஆட்டத்தை விட்டு விலகவேண்டும். அல்லது தனித்தனி இணைப்பு வைத்துக்கொண்டு, இரண்டு பேர்தான் என்று நிரூபிக்கவேண்டும்.

"நீ விலகிக்கோ," என்றார் மாமனார், சுவரைப் பார்த்து.

"மாட்டேன்," என்றாள் அவள், அதே சுவரைப் பார்த்து.

மறுநாள் வீட்டு இணையத்தின் பாஸ்வேர்டு மாறியிருந்தது. இணைப்பு அவர் பெயரில் இருந்தது. மகனுக்குக்கூடப் புதிய பாஸ்வேர்டைச் சொல்ல மறுத்துவிட்டார். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. தன் சம்பளத்தில் தன் பெயரிலேயே புது இணைப்புக்குச் சொல்லிவிட்டாள்.

கேபிள்காரர் தோளில் வயர்ச்சுருளும் கையில் ஏணியுமாக வந்து, ஹாலில் ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த இணையப் பெட்டியைப் பார்த்துக் குழம்பினார். "இதான் நல்லா ஓடுதே. ஒரே வீட்ல எதுக்கு ரெண்டு கனெக்‌ஷன்?"

"ரெண்டு கவர்மெண்ட் நடக்குதுப்பா," என்றாள் மாமியார், வெங்காயம் உரித்தபடி.

படுக்கையறைச் சுவரில் ஓட்டை போட்டால்தான் வயர் உள்ளே வரும். கேபிள்காரர் டிரில்லை எடுத்ததும் மாமனார் எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"சுவத்துல கைய வைக்கக் கூடாது. இது என் வீடு."

கேபிள்காரர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்குள்ள பேசிட்டுக் கூப்பிடுங்க சார். எனக்கு எதுக்கு வம்பு?"

அவள் ஏணிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று கணவனைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை அது. இன்றைக்கும் தலையைச் சொறிந்தால் இனி உன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை என்கிற பார்வை. அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். குனிந்து டிரில்லை எடுத்தான். அவனுக்கு அது பழகிய கருவி. ஏணியில் ஏறி, சுவரில் முனையை வைத்தான்.

"டேய்! சொல்லிட்டே இருக்கேன்!"

"தள்ளி நில்லுங்கப்பா, கண்ணுல தூசி விழும்," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். அதன்பிறகு அவர் என்ன சொன்னார் என்பது டிரில் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செங்கல் தூள் அவர் காலடியில் கொட்டியது. அவர் திரும்பி நடந்து, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

முடக்கம் நீங்கி இரண்டு நகரங்களும் திறந்தன. அவருக்கு மிஞ்சியது ஆற்றின் வளைவில் ஒரு சின்ன ஊர் மட்டும்தான். வடகரைக்காரர்கள் பாதிப் பேர் அவரை விட்டுப் போயிருந்தார்கள். மருமகளோடு சண்டை போட்டவர் என்று மீதிப் பேர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவர் அதையெல்லாம் சட்டை செய்யாமல் மரம் வெட்டினார், கல் உடைத்தார். அவர் மதியத் தூக்கத்தையே விட்டுவிட்டது அவள் கண்ணில் பட்டது. சாப்பாட்டு மேஜையில் இப்போது வாய் திறப்பதில்லை. படை எங்கே போகிறது என்பது அவர் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் மாலை, வேலையிலிருந்து வந்து அடுப்பில் டீயை வைத்தாள். ஹாலில் கீபோர்டு படபடவென்று அடிபடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அவள் போனில் சிவப்பு அடையாளம் ஒன்று முளைத்தது. கோட்டைவாசலிலிருந்து படை புறப்பட்டுவிட்டது. இன்னொரு அடையாளம். இன்னொன்று. நான்கு திசையிலும் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. எது நிஜம், எது ஒற்றை வீரன் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அவளுடைய வித்தையை அவளுக்கே திருப்பி விட்டிருந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, டீ அடுப்புல இருக்கு. நீங்களே எடுத்துக்கங்க," என்று ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எனக்கு வேலை இருக்கு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.